நாலு மைக்ரோஆம்ப்

தொண்டி பஸ் என்னைத் திருப்பாலைக்குடியில் உதிர்த்தபோது
மணி பத்தரை. பையில் லேப்டாப், மல்டிமீட்டர்,
சாலிடர் கம்பி, இரண்டு பொட்டலம் புளிச்சோறு.
கண்ணைத் திறக்க முடியவில்லை.
தரை முழுக்க வெயில் கொட்டிக் கிடந்தது,
அதில் பாதிதான் உப்பு.

ஏழாம் பாத்தி வரப்பில் ஒரு குழாய்க்கால்.
அதன் தலையில் டிபன்பாக்ஸ் அளவுச் சாம்பல் பெட்டி.
உள்ளே, தீப்பெட்டியைவிடச் சின்னதாக, ஒரு கணினி.
சோலார் பலகை முன்பு இருந்தது.
உப்பு பூத்து, அதன்மேல் நாரைகள் எழுதிய
வெள்ளைக் கணக்கும் ஏறி
முதல் கோடையிலேயே குருடாகிவிட்டது.
இப்போது கட்டைவிரல் பருமனில் பேட்டரி ஒன்றுதான்.

தூங்குவதற்கென்றே செய்த யந்திரம் அது.
கால்மணிக்கு ஒருமுறை எழும்,
நீரைத் தொட்டுப் பார்க்கும்:
இருபத்திரண்டு டிகிரி, இருபத்து மூன்று.
இருபத்தைந்து என்றால் பம்புக்கு ஒரு சொல்.
திரும்பப் படுத்துக்கொள்ளும். இரண்டு நொடி வேலை.
தூக்கத்தில் குடிப்பது நாலு மைக்ரோஆம்ப்.
அதைக் கொண்டு ஓர் எறும்புக்குக்கூடச் சூடு வைக்க முடியாது.
இரண்டு வருடம் தாங்கும் என்று
மதுரையில் ஏசி அறையில் கணக்குப் போட்டவள் நான்.
ஐந்தாம் மாதம் செத்துவிட்டது.

திறந்தேன். ரப்பர் வளையம் சரி.
போர்டில் பச்சைக் களிம்பு இல்லை.
கச்சான் காற்று கொண்டுவந்த தூள் ஒரு இம்மி இல்லை.
எனக்குக் கோபம். பழுதாவது இருந்து தொலைக்கக் கூடாதா?

புது பேட்டரி மாட்டி நினைவகத்தைப் படித்தேன்.
இரவு ஒன்று பத்து: பட்டன்.
ஒன்று பதினெட்டு: பட்டன்.
ஒன்று இருபத்தாறு: பட்டன்.
விடியும்வரை இப்படி நாற்பது.
ஒரு தட்டலுக்குத் திரை முப்பது நொடி எரியும்,
நாற்பது மில்லிஆம்ப்.
தூங்கும் பெட்டிகள் பத்தாயிரத்தின் சாப்பாடு.

காவல்காரர் பூவலிங்கம் எதையும் மறைக்கவில்லை.
"நாந்தாம்மா. போன வருசம் தண்ணியில்லாம ஓடி
மோட்டார் காயில் கருகிப்போச்சு.
மூணு மாசம் எஞ் சம்பளத்துல பிடிச்சாங்க.
இது உசுரோட இருக்கா இல்லையான்னு
தொட்டுப் பாக்காம எப்பிடித் தெரியும்?
தூங்குற ஆளக் காவலுக்குப் போட்டா
கூட இருக்கவன் எப்பிடித் தூங்குவான்?"

அது செத்ததை முதலில் கண்டவரும் அவர்தான்.
அன்றிரவு பம்பைக் கையால் நிறுத்தியிருக்கிறார்.
எங்கள் ஆபீசுக்குத் தெரிந்தது மறுநாள் மதியம்.

பம்பு அறையில், டீசல் டின்மேல் உட்கார்ந்து
ஆறு வரி எழுதினேன்.
பத்து நொடிக்கு ஒருமுறை, ஒரு பச்சை விளக்கு,
இரண்டு மில்லிநொடி.
ஒரு மாதம் முழுக்கச் சிமிட்டினாலும்
அவர் மூன்று முறை தட்டுகிற செலவு ஆகாது.
ஆறாவது வரி, பட்டன் தட்டினால்
அதையும் எனக்குச் சொல்ல.

சோதிக்க இருட்டு வேண்டும்.
காத்திருந்தோம். புளிச்சோற்றில் ஒன்று அவருக்கு.
உப்பூர்ப் பக்கம் வானம் அணைய நேரமாயிற்று.
கட்டிலில் படுத்தபடி அவர் எண்ணினார்,
ஒண்ணு, ரெண்டு, மூணு…
"ஏழுலயே வந்திருச்சே!"
"நீங்க மெதுவா எண்றீங்கய்யா."
"ராத்திரி அப்பிடித்தாம்மா நகரும்."

சர்வீஸ் படிவத்தில் ஒரு கட்டம்: பழுதின் காரணம்.
ஈரம் என்று எழுதினேன்.
கடலோரத்தில் ஈரத்தை யாரும் விசாரிப்பதில்லை.

மறுநாள் மதுரையில் திரையைத் திறந்தேன்.
ஏழாம் பாத்தி, இருபத்து மூன்றரை டிகிரி.
இரவு இரண்டு ஐந்துக்கு
பட்டன், ஒரே ஒரு முறை.

பேட்டரிக் கணக்கை எடுத்து
அந்த ஒன்றைத் தினச் செலவில் சேர்த்துக்கொண்டேன்.